வெண்ணெய்க்கட்டிக்கு நாவூறு

அந்தக் காருக்கு நான் வைத்த பெயர் வெண்ணெய்க்கட்டி. அதன் சொந்தப் பெயர் பின்பக்கத்தில் வெள்ளி எழுத்தில் இருந்தது. வளைத்து வளைத்து எழுதிய எழுத்து. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் அதை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் கார் வளைவில் திரும்பிவிடும். அதனால் நானே பெயர் வைத்துக்கொண்டேன். வெண்ணெய்க்கட்டி இளமஞ்சள் நிறம். மூலைகள் எல்லாம் வெயிலில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்ததுபோல உருண்டிருக்கும். அதற்குப் பின்னால் வழக்கமாகப் பச்சைத் தவளை வரும். பிறகு பல்லுக்காரன், அதற்கு முன்பக்கம் முழுவதும் வெள்ளிப் பல். கடைசியில் வால்பக்கம் இரண்டு செட்டை முளைத்த சிவப்பு நெடுவல். அதன் முன்சில்லு பேக்கரியைத் தாண்டும்போது பின்சில்லு இன்னும் பஸ் தரிப்பிடத்தில் நிற்கும்.

நாங்கள் இருப்பது சுவிஸில், வில் என்ற சின்ன நகரத்தில். கோடை வந்தால் வெள்ளிக்கிழமை மாலைகளில் பழைய கார் வைத்திருப்பவர்கள் ஸ்டேஷன் பக்கமிருந்து பழைய நகரம்வரைக்கும் மேலும் கீழுமாக ஓடுவார்கள். எங்கேயும் போய்ச் சேருவதற்காக அல்ல. சாமியை அலங்கரித்து வீதி சுற்றிக் கொண்டுவந்து மறுபடி இருப்பில் விடுவதுபோலத்தான். கண்ணாடியை இறக்கி, முழங்கையை வெளியே வைத்து, மெல்ல மெல்லப் போவார்கள். இரவுச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் வெயில் இருக்கும் காலம் அது. தகரமெல்லாம் மின்னும்.

இரண்டு கோடைக்கு முன்னர் ஒருநாள், பையில் லீக்ஸ் நீட்டிக்கொண்டிருக்க, பஸ்ஸைத் தவறவிட்டு அந்தத் தரிப்பிடத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் வெண்ணெய்க்கட்டி வந்தது. ஓட்டிக்கொண்டு வந்தவர் வெள்ளை மீசைக்காரர், தலையில் தட்டைத் தொப்பி. என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். நான் திரும்பி எனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தேன். பின்னால் பஸ் நேர அட்டவணை மட்டும்தான் இருந்தது.

நான் முப்பது வருடம் வேலை செய்தது ஆஸ்பத்திரிக் குசினியில், நிலத்துக்குக் கீழே. அழுக்குத் தட்டுகள் ஓடும் பட்டியில் வரும், கழுவின தட்டுகள் வேறு பட்டியில் போகும். சாப்பிட்டவர்களின் முகத்தை நான் கண்டதில்லை, அவர்களும் என்னைக் கண்டதில்லை. எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது. சின்ன வயதிலிருந்தே நான் ஆட்களைக் கண்டால் கதவுக்குப் பின்னால் நிற்கிற சாதி. ஆனாலும் அன்று பஸ் வந்தபிறகும் நான் ஏறவில்லை. பல்லுக்காரன் கை காட்டினார், தவளையில் வந்த பெண் கை காட்டினாள். இன்னும் யாராவது காட்டுவார்களோ என்று இருந்தேன். லீக்ஸ் வாடிவிட்டது.

அதன்பிறகு ஒவ்வொரு வெள்ளியும் வீட்டில் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு வாங்குக்குப் போய்விடுவேன். என்னோடு குசினியில் வேலை செய்த சிநேகிதியும் வருவாள். அடுத்த தெருவில் இருக்கிறவள். வெட்கம் என்பது அவளுடைய உடம்பில் எங்கேயும் இல்லை. நான் கதைக்காமல் விட்ட கதைகளையும் சேர்த்து அவளே கதைத்துவிடுவாள்.

மகள் தன்னுடைய பழைய போனை எனக்குத் தந்திருந்தாள். அதில் படம் எடுக்கத் தொடங்கினேன். முதல் நாள் எடுத்ததில் ஒன்றில் அரைச் சில்லு, ஒன்றில் வெறும் றோட்டு, மிச்சம் எல்லாவற்றிலும் என் பெருவிரல். ஓடுகிற காரைப் பிடிக்க என் கைக்கு வேகம் போதாது.

சிநேகிதி போனை வாங்கிப் பார்த்தாள். “இதென்ன, நீர் காரை எடுத்தனீரோ, காத்தை எடுத்தனீரோ?”

“நிண்டால்தானே எடுக்கலாம்.”

“நிப்பாட்டினால் போச்சு,” என்றாள். “இந்த நாட்டில மஞ்சள் கோட்டில ஆள் கால் வைச்சால் கார் நிக்கத்தானே வேணும். நான் கடக்கிறன், நீர் எடும்.”

வாங்குக்கு நேர் முன்னால் பாதசாரிக் கடவை. அவள் போய் ஓரத்தில் நின்று காலை வைத்தாள். பல்லுக்காரன் மரியாதையாக நின்றது. அவளுக்கு உண்மையாகவே முழங்காலில் கொஞ்சம் நோ உண்டு. அன்றைக்கு அந்த நோவை நாலு மடங்காக்கிக்கொண்டு நடந்தாள். நடு றோட்டில் நின்று செருப்பைச் சரிசெய்தாள். நான் ஆறுதலாக, விரல் படாமல் எடுத்தேன். அந்த மாலையில் அவள் பதினான்கு தரம் றோட்டைக் கடந்தாள். கடைசித் தரம் சிவப்பு நெடுவல்காரர் அவள் வருவதற்கு முன்னமே நின்று, கதவில் சாய்ந்து சிரித்தார். அவர்களுக்கும் விளங்கிவிட்டது. அப்படித்தான் அந்தக் கோடை முழுதும் நாங்கள் படம் எடுத்தோம்.

இனி நான் செய்த பிழையைச் சொல்கிறேன்.

வடிவான ஒன்றைக் கண் நிறையப் பார்த்துவிட்டுச் சும்மா விடக்கூடாது. குழந்தையென்றாலும் சரி, பூத்த செடியென்றாலும் சரி, நாவூறு பட்டுவிடும். எங்கள் ஆட்கள் புதுக் கார் வாங்கினால் சந்தனம் பூசி, பொட்டு வைத்து, சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்துத்தான் றோட்டில் விடுவார்கள். இந்த மனிதர்களோ இவ்வளவு பளபளப்பான சாமானை ஒரு தேசிக்காய்கூடக் கட்டாமல், ஊர் முழுக்கப் பார்க்க ஓட்டிக்கொண்டு திரிகிறார்கள். அதிலும் நான் பார்க்கிற பார்வை கொஞ்சநஞ்சம் அல்ல. ஆகவே ஒவ்வொரு படம் எடுத்தபிறகும் முகத்தைச் சற்றுத் திருப்பி, “தூ, தூ, தூ” என்று மூன்று தரம் கழித்துவிடுவேன். எச்சில் வராது, சத்தம் மட்டும்தான். என் மகள் குழந்தையாக இருந்தபோது எப்படிச் செய்தேனோ அப்படித்தான். அதை யாராவது கவனிப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. நான் செய்வதை யாரும் கவனிப்பதில்லை என்பதுதான் முப்பது வருட அனுபவம்.

போன கோடையின் தொடக்கத்தில் எங்கள் கட்டடத்துப் படிக்கட்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மகள் வாசித்துச் சொன்னாள். வெள்ளிக்கிழமைக் கார்களின் சத்தம் கூடிப்போய்விட்டது, ஓட்டத்தை நிறுத்தவேண்டும் என்று தெருவில் இருக்கிற சிலர் எழுதியிருக்கிறார்கள். சிநேகிதி மேலதிகச் செய்தி கொண்டுவந்தாள்.

“ஆரோ நம்பர்த் தகட்டைப் படம் எடுத்துப் பொலிசுக்கு அனுப்புகினமாம்.”

“அப்பிடியும் செய்வினமோ?”

“இஞ்ச செய்வினம். கீழ்வீட்டுக்காரி நான் ஞாயிற்றுக்கிழமை தொட்டியில போத்தல் போட்டுச் சத்தம் வைச்சதுக்கே படம் எடுத்து வைச்சிருக்கிறா.”

இதைக் கதைத்துச் சிரித்துக்கொண்டிருந்த அதே மாலையில் வெண்ணெய்க்கட்டி வந்தது. சிநேகிதி இறங்கிக் கடக்கத் தொடங்கினாள். கார் நின்றது. நான் எடுத்தேன். எடுத்துவிட்டு, “தூ, தூ, தூ.”

தலையைத் திருப்பினால் மீசைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். தூக்கிய கை பாதியில் நிற்கிறது. கண்ணாடியைக் கையால் சுற்றிச் சுற்றி இறக்கினார். நீளமாக ஒரு கேள்வி கேட்டார். இங்கே பேசுகிற ஜேர்மன், சுவிஸ் டொய்ச், வேகமாக வந்தால் எனக்கு ஒன்றும் பிடிபடாது. அதில் ‘ஃபோட்டோ’ என்ற ஒரு சொல்தான் விளங்கியது. விளங்காத கேள்விக்கு “யா, யா” என்று சொல்லிச் சிரிப்பது என் பழக்கம். குசினியில் அதை வைத்துத்தான் நான் முப்பது வருடம் ஓட்டினேன். “யா, யா,” என்றேன், நன்றாகச் சிரித்தேன்.

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

சிநேகிதி திரும்பி வந்தாள். “அந்தாள் உம்மட்டை என்ன கேட்டவர்?”

“படம் எடுக்கிறீங்களோ எண்டு கேட்டவர் போல.”

“நீர் என்ன சொன்னனீர்?”

“யா எண்டனான்.”

அவள் வாங்கில் மெதுவாக இருந்தாள். “எனக்கு நடு றோட்டில பொலிட்சாய் எண்டு ஒரு சொல் கேட்டது. பொலிசுக்குப் படம் அனுப்புறது நீங்களோ எண்டுதான் கேட்டிருக்கிறார். நீர் சிரிச்சுக்கொண்டு ஓம் எண்டிருக்கிறீர். அதுவும் காரைப் பாத்துத் துப்பிப்போட்டு.”

நான் போனைக் கைப்பைக்குள் போட்டு மூடினேன்.

அடுத்த வெள்ளி போனோம். தவளை வந்தது; அந்தப் பெண் நேரே பார்த்துக்கொண்டு போனாள். பல்லுக்காரனும் அப்படியே. சிவப்பு நெடுவல்காரர் வெயில் தடுப்பை எங்கள் பக்கமாகத் திருப்பி முகத்தை மறைத்தார். கடவையில் நின்றார்கள்தான், சட்டம் அல்லவா. ஆனால் ஒருவரும் கை தூக்கவில்லை. கார்கள் எல்லாம் அதே கார்கள், அதே வெயில். ஆனால் படம் எடுக்க மனம் வரவில்லை. கார் பார்க்கத்தான் வாங்குக்குப் போகிறேன் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிதான். மிச்சப் பாதி அந்தக் கைகள். அது இல்லாமல் போய்விடும் என்று கண்டபோதுதான் அது எனக்கு எவ்வளவு பெரிய சாமான் என்று தெரிந்தது.

“நீர் போய்ச் சொல்லும்,” என்றாள் சிநேகிதி.

“என்னத்தைச் சொல்லுறது?”

“அப்ப நான் சொல்லட்டோ?”

“வேண்டாம். நீர் சொன்னால் உண்மையாவே பொலிஸ் வரும்.”

வீட்டில் மகளிடம் சொன்னேன். அவள் வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பராமரிக்கிற வேலை செய்கிறவள். களைத்துப்போய் வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முதலில் புரையேறுகிற அளவுக்குச் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

“அம்மா, நாவூறெண்டு அவைக்கு எப்பிடித் தெரியும்? நீங்கள் ஆசையாக் கழுவித் துடைச்ச சாமானைப் பாத்து ஆரும் துப்பினால் உங்களுக்குக் கோவம் வராதோ?”

“நான் துப்பேல்லை. சத்தம்தான்.”

“அந்தச் சத்தமும் வேண்டாம். எனக்குச் சத்தியம் பண்ணுங்கோ.”

சத்தியம் பண்ணினேன். அவள் டொய்ச்சில் ஒரு கடிதம் எழுதி உறையில் போட்டுத் தந்தாள். “இதை அந்தாளிட்டைக் குடுங்கோ. கதைக்கத் தேவையில்லை. நீட்டினால் காணும்.” நான் கைப்பையில் வைத்தேன். நீட்டினால் காணும் என்று அவள் சொல்லிவிட்டாள். நீட்டுவதற்கு ஒரு கை வேண்டும் அல்லவா. என் கை அந்தப் பையின் சிப்பைத் திறக்கிறதும் மூடுகிறதுமாக அடுத்த வெள்ளியும் போயிற்று.

மூன்றாம் வெள்ளி. சிநேகிதி கடவையில் காலை வைத்தாள். வந்தது வெண்ணெய்க்கட்டி. மீசைக்காரர் இரண்டு கையாலும் ஸ்டேரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் மட்டும் பார்த்தார். அந்த நேரம் வெயில் கட்டடங்களுக்கு நடுவால் சாய்வாக விழுந்து, காரின் முழுப்பக்கமும் பொன்னாக உருகினாற்போல இருந்தது. நான் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. என்னை அறியாமல் போன் மேலே வந்துவிட்டது. எடுத்தேன். தூ என்று தொண்டைவரைக்கும் வந்தது. சத்தியம் நினைவுக்கு வர, விழுங்கிவிட்டேன்.

கார் புறப்பட்டது. பேக்கரி வாசலுக்குப் போயிருக்கும். முன்மூடிக்குக் கீழிருந்து புஸ்ஸென்று வெள்ளைப் புகை. இடியப்பச் சட்டியின் மூடியைத் திறந்ததுபோல. கார் இரண்டு தரம் குலுங்கி நின்றுவிட்டது.

நான் எழும்பிவிட்டேன்.

“எங்க போறீர்?” சிநேகிதி நடு றோட்டில் நின்று கேட்டாள்.

“என்ர பிழை.”

“என்ன உம்மட பிழை? அது றேடியேற்றர்.”

“இவ்வளவு ஆசையோட பாத்துப்போட்டுக் கழிக்காமல் விட்டிட்டன்.”

“உம்மட கண்ணுக்கு இவ்வளவு பவர் எண்டால் குசினியில அந்தச் சுப்பர்வைசரை ஒருக்காப் பாத்திருக்கலாமே,” என்று பின்னால் அவள் சொல்வது கேட்டது. நான் அதற்குள் பேக்கரிக்குப் போய்விட்டேன். கைப்பையும் கடிதமும் வாங்கிலேயே கிடந்தன.

மீசைக்காரர் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு கையால் புகையை விசுக்கினார். என்னைக் கண்டதும் முகம் இறுகியது. எனக்குத் தெரிந்த டொய்ச் குசினி டொய்ச். சூடு, அழுக்கு, கவனம், உடைந்தது, முடிந்தது. வடிவு என்ற சொல்லும் தெரியும். அதைக் குசினிக்கு வெளியே படித்தேன். அவ்வளவையும் வைத்துக்கொண்டு நான் அந்த மனிதரிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டேன்.

“மன்னிக்கவும். கார் வடிவு. என் கண் அழுக்கு. கார் முடிந்தது.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து சுத்தமான கைக்குட்டை ஒன்றை எடுத்து, கண்ணைத் துடைக்கச் சொல்லி நீட்டினார். கோபத்திலும் அவருக்கு அது தோன்றியிருக்கிறது.

இல்லை என்று தலையை ஆட்டினேன். சொல் இல்லாவிட்டால் என்ன, கை இருக்கிறதே. இல்லாத குழந்தை ஒன்றைக் கையில் ஏந்தினேன். “வடிவு,” என்றேன். இரண்டு விரலைக் கண்ணிலிருந்து குழந்தைமேல் பாய்ச்சினேன். குழந்தைக்குக் காய்ச்சல், குழந்தை அழுகிறது, அழுதும் காட்டினேன். பிறகு குழந்தையைச் சுற்றி மூன்று தரம் கையைச் சுழற்றி, “தூ, தூ, தூ.” குழந்தை சிரித்தது. பிறகு காரைக் காட்டினேன். “இன்று தூ இல்லை. உடைந்தது.”

முதலில் அவருடைய மீசைதான் அசைந்தது.

“ஆ,” என்றார். “தொய், தொய், தொய்.” சொல்லிக்கொண்டே கதவுக்குள் கையை விட்டு மர ஸ்டேரிங்கில் மூன்று தரம் தட்டினார். கெட்டது அண்டாமல் இருக்க அவர்கள் செய்வது அது. குசினியில் பெரிய டாக்டர்மாருக்குச் சாப்பாடு போகும்போது தலைமைச் சமையல்காரர் மேசையில் அப்படித் தட்டுவதை நான் கண்டிருக்கிறேன். அது எதற்கு என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

அதற்குள் சிநேகிதி என் கைப்பையோடு நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். அவளுடைய டொய்ச்சில் இலக்கணம் கிடையாது, ஆனால் பயமும் கிடையாது. கடிதத்தை அவரிடம் கொடுத்தாள். அது வாசிக்கப்படும்வரை பொறுக்காமல் முழுக் கதையையும் சொன்னாள். என்னைக் காட்டி ஏதோ விளங்கப்படுத்தினாள். அவர் என்னிடம் திரும்பி, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் வேகமாக ஒரு கேள்வி கேட்டார்.

“யா, யா,” என்றேன்.

இருவரும் சிரித்த சிரிப்பில் பேக்கரிக்காரி வெளியே வந்துவிட்டாள்.

“என்ன கேட்டவர்?”

“இந்தக் காரைக் களவெடுக்கத்தான் வந்தனீங்களோ எண்டு,” என்றாள் சிநேகிதி கண்ணைத் துடைத்துக்கொண்டு. “நீர் எல்லாத்துக்கும் ஓம் எண்டுதான் சொல்லுவீர் எண்டு சொன்னனான். நம்பேல்லை. இப்ப நம்பிட்டார்.”

போனைக் கொடுத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். வெண்ணெய்க்கட்டியின் விளக்கு, வெண்ணெய்க்கட்டியின் கைபிடி, தவளையின் முதுகு, நெடுவலின் செட்டை. ஒன்றில்கூட நம்பர்த் தகடு இல்லை. அவ்வளவு அழகான முகத்தில் லேபல் ஒட்டினதுபோல அது எனக்குப் பிடிக்காது. எப்போதும் பக்கத்தாலேதான் எடுப்பேன். அவர் தன் காரின் படங்களிடம் வந்ததும் தள்ளுவதை நிறுத்தி, வெகு நேரம் பார்த்தார். இதற்குள் தவளைப் பெண்ணும் நெடுவல்காரரும் காரை ஓரங்கட்டிவிட்டு வந்து நின்றார்கள். அவர் போனை அவர்களிடம் கொடுத்து ஏதோ சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, திறந்துகிடந்த மூடியைக் காட்டி, “தூ?” என்றார்.

அத்தனை பேர் பார்க்க. எனக்கு முகமெல்லாம் எரிந்தது. கதவு ஒன்று இருந்திருந்தால் பின்னால் போயிருப்பேன். அங்கே இருந்த ஒரே கதவு வெண்ணெய்க்கட்டியின் கதவுதான். சேலைத் தலைப்பு இல்லாததால் ஸ்வெட்டரின் நுனியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, காருக்கு முன்னால் நின்று மூன்று தரம் கையைச் சுழற்றி, முறையாக, சத்தமாகக் கழித்தேன். தவளைப் பெண் தன்னுடைய காரையும் காட்டினாள். அதற்கும் செய்தேன்.

வெடித்தது ஒரு றப்பர்க் குழாய். தன்னுடைய மகனைவிட வயது கூடின குழாய் என்று அவரே சொன்னாராம். நெடுவல்காரர் பட்டி சுற்றிக் கட்டினார், பேக்கரிக்காரி வாளியில் தண்ணீர் கொண்டுவந்தாள், கார் இருமிவிட்டுக் கிளம்பியது. குழாய்தான் காரணம் என்று எனக்கும் விளங்குகிறது. இருந்தாலும் நாங்கள் கழித்தபிறகுதானே கிளம்பியது.

மகளிடம் சத்தியத்தைத் திருப்பித் தரச் சொன்னேன். “ஊருக்கே கழிச்சுப்போட்டு இப்ப என்னட்டைக் கேக்கிறியள்,” என்றாள்.

அடுத்த வெள்ளி சிநேகிதி விடவில்லை. இனிமேல் நாங்கள் தெரிந்த ஆட்களாம், ஸ்வெட்டரோடு இருக்கக்கூடாதாம். பெட்டியில் மடித்தபடி கிடந்த மாம்பழ நிறச் சேலையை உடுத்திக்கொண்டு வாங்கில் இருந்தேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் பார்த்தார்கள்; போனைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது பல்லுக்காரனின் கை மேலே இருந்தது. தவளையின் கை. நெடுவலின் கை, அது தூரத்திலிருந்தே தூக்கியபடி வந்தது. நானும் தூக்கினேன், தோள்வரைக்கும்.

பிறகு வெண்ணெய்க்கட்டி. சிநேகிதி கடவையில் கால் வைக்கமுன்னமே நின்றது. மீசைக்காரர் கண்ணாடியைச் சுற்றிச் சுற்றி இறக்கினார். என்னையும் சேலையையும் தலையிலிருந்து கால்வரைக்கும் பார்த்தார். முகத்தைச் சற்றுத் திருப்பினார்.

“தூ, தூ, தூ.”

அவர் கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். பஸ்ஸுக்கு நின்ற ஒரு சுவிஸ் பெண் திகைத்துப்போய்க் காரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். குனிந்து, அக்கறையாக என்னிடம் ஏதோ கேட்டாள். ஒன்றும் விளங்கவில்லை. யா என்று வாய்வரைக்கும் வந்தது. இந்த முறை நிறுத்திவிட்டு, தெரிந்த சொற்களைத் தேடினேன்.

“கார் வடிவு,” என்றேன். பிறகு மெல்ல, அவளுக்கு மட்டும் கேட்க, “நானும்.”